மழை விட்டு நாலாம் நாள்

உப்பளத்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தேதி தெரியாது. கிழமை தெரியும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால். தேதியை யாரும் கேட்டதில்லை. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "மழை விட்டு இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்பதுதான். ஆறு என்றால் அவர் முகம் ஒரு மாதிரி இருக்கும், இருபத்திரண்டு என்றால் வேறு மாதிரி. ஒரே ஒரு மழை போதும், பாத்தியில் திரண்ட உப்பெல்லாம் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்து, தரை இறுகும்வரை காத்திருந்து, புதிதாக உவர்நீர் பாய்ச்ச வேண்டும். வேலையும் ஒன்றிலிருந்து தொடங்கும், எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து தொடங்கும். 2004 டிசம்பரில் கடலே பாத்திக்குள் வந்துவிட்டுப் போனபோதும் மேஸ்திரி ஒன்றிலிருந்துதான் எண்ணினார். மரக்காணத்து உப்பளத்தில் காலம் அப்படித்தான் ஓடும். ஓடும், நிற்கும், திரும்பி வரும்.

பாத்தி பாத்தியாகப் போய்த் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து சிலேட்டில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவள், உப்புத் தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் என்று, அதே உப்பளத்தில் உப்பு வாரும் அண்ணன் கிண்டல் செய்வான். எனக்கு எரிச்சலாக வரும். சென்னைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வராத எரிச்சல், வெயில் எரிச்சல், எதற்கென்றே தெரியாத எரிச்சல். எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் ஒரே ரகம். கையும் காலும் சும்மா இருக்காது. அப்பா உப்பு லாரி ஓட்டிக்கொண்டு ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம் வருவார். அம்மா மட்டும் ஓரிடத்தில் உட்காரத் தெரிந்தவள். "உங்க ரெண்டு பேருக்கும் கால்ல சக்கரத்தக் கட்டி வுட்டுட்டான்" என்பாள்.

2004 கோடையில் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை அண்ணன் எனக்காக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். அதில் விண்டோஸ் ஓடவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டேன். படத்தைத் தொட்டுத் தொட்டுத் திறப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பதில் வர வேண்டும், வராவிட்டால் நான் திட்ட வேண்டும். என் குணத்துக்கு அது சரியாக இருந்தது.

அதே பத்திரிகையில்தான் சொந்த விக்கி பற்றிப் படித்தேன். ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்குத் தாவக்கூடிய நோட்டு, அவ்வளவுதான். தாவுவது என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு விக்கியும் ஒரே கோப்பில் இருக்கும் வகை அது. அன்றைக்கு எந்தப் பாத்தியில் என்ன டிகிரி, அம்மா என்ன குழம்பு வைத்தாள், அண்ணன் என்ன செய்தான், யாரோடு நான் சண்டை போட்டேன், எல்லாவற்றையும் வேலை முடிந்து வந்ததும் தட்டிவிடுவேன். தட்டி முடித்தால்தான் கால் ஓயும். அந்தத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் தலைப்பு உண்டு. தலைப்பு என்னவென்று யோசிக்கவேகூட இல்லை. ம.வி. 12 என்றால் மழை விட்டுப் பன்னிரண்டாம் நாள். மறுநாள் ம.வி. 13. அதைவிட இயல்பான தலைப்பு உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

2005 பங்குனியில் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். கிளியனூர் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெண்ணின் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், கத்தரியும் வேர்க்கடலையும் போடுவார். மூன்று பெண்கள், பையன் இல்லை. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், ஆவணியில் பூ வைப்பது என்று பேசி வைத்தோம். அண்ணன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

சித்திரையில்தான் முதல் முறை விழுந்தான். சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். சத்தம் கேட்டு ஓடினோம். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கால் தசை துடிக்கிறது. அம்மா ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் திணித்தாள். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "வெயிலு" என்றான். நாங்களும் வெயில் என்றோம்.

ஆவணிக்குள் இன்னும் மூன்று முறை அப்படி ஆனது. பூ வைத்து ஒரு மாதத்தில் ஐந்தாவது முறை. அது எங்கள் வாசலிலேயே, தெருவே பார்க்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாப்பிள்ளைக்கு வலிப்பு என்ற பேச்சு பஸ் ஏறி எங்களுக்கு முன்னால் கிளியனூருக்குப் போய்விட்டது. பெண் வீட்டிலிருந்து ஆள் வருவது நின்றது. அம்மா சாவிக்கொத்தை இடுப்பிலேயே செருகிக்கொண்டு அலைந்தாள். அந்தச் சாவிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு எழுந்து போய்விடுவேன்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "இதுவரைக்கும் எத்தனை தடவை? எந்தெந்தத் தேதி? அன்னைக்கு என்ன சாப்பிட்டார், எங்க போனார், எவ்ளோ நேரம் இருந்துச்சு, எல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்க. பத்து நாள் கழிச்சுப் பார்த்துட்டு வலிப்பு மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

"எல்லாமே எங்கிட்ட எழுதி இருக்குது மேடம்" என்றேன். அன்றைக்கு அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷக் குறிப்பு, ஒரே கோப்பு. திறக்கும்போதே கம்ப்யூட்டர் முக்கி முனகியது. ஒரு பக்கம் நகர்த்தினால் அடுத்த பக்கம் வருவதற்குள் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இரண்டு முறை அப்படியே நின்றுபோனது. எனக்கு வந்த கோபத்தில் இதைத் துண்டு துண்டாக வெட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நாளுக்கு ஒரு கோப்பு. சின்னச் சின்னக் கோப்பாக இருந்தால் திறப்பதும் சுலபம், தேடுவதும் சுலபம். முதலிலேயே அப்படி வைத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம்.

எழுத்தை மட்டும் தனியாக உருவி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகள். தலைப்பு வந்தால் அந்தத் தலைப்பின் பெயரில் ஒரு கோப்பைத் திற, அடுத்த தலைப்பு வரும்வரை வருவதை எல்லாம் அதில் போடு. என்டரைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கோப்புகளை எண்ணச் சொல்லி இன்னொரு வரி தட்டினேன்.

நாற்பத்து மூன்று என்று வந்தது.

ஒன்றரை வருஷம். நாற்பத்து மூன்று நாள். மறுபடி ஓட்டினேன், மறுபடி நாற்பத்து மூன்று. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், பட்டியலைப் பார்த்தேன். ம.வி. 1, ம.வி. 2 என்று வரிசையாகப் போய் ம.வி. 43-இல் நின்றது. அந்த ஒன்றரை வருஷத்தில் மழை இல்லாமல் நீண்டது அதிகபட்சம் நாற்பத்து மூன்று நாள். அதற்குப் பிறகு ஒன்று. மறுபடி ஒன்று. எத்தனை மழையோ அத்தனை ஒன்றாம் நாள். ஒரே பெயரில் அடுத்த நாள் வரும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் முதலில் இருந்ததை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

அசல் பத்திரமாகத்தான் இருந்தது, நல்லவேளை. ஆனால் என் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. அந்த ஒன்றரை வருஷக் குறிப்பில் ஒரு தேதிகூட இல்லை. கம்ப்யூட்டர் கோப்புக்குத் தானாகவே தேதி போடும், ஆனால் இருப்பது ஒரே கோப்பு, கடைசியாகச் சேமித்த தேதி மட்டும்தான் அதில் இருந்தது. டாக்டரம்மா தேதி கேட்கிறார். நான் போய், "மழை விட்டு அஞ்சாம் நாள் மேடம்" என்றால் எந்த மழை என்று கேட்பார். உலகத்தில் வேறு யாரும் செய்யாத முட்டாள்தனத்தைச் செய்து வைத்திருந்தேன். கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் பேசினோம், அதனால் அதில் தப்பு இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதால் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு குறியை மாற்றினேன். அழித்து எழுதாதே, இருப்பதன் கீழே சேர்த்துக்கொண்டே போ. இந்த முறையும் நாற்பத்து மூன்று கோப்புதான், ஆனால் ஒவ்வொன்றும் தடியாக இருந்தது. இரண்டு வருஷத்து நாலாம் நாட்கள் எல்லாம் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக. இது எதற்குமே உதவாது என்று நினைத்துக்கொண்டேதான் கிரெப் கட்டளையைத் தட்டினேன். கிரெப் என்பது எல்லாக் கோப்பிலும் புகுந்து, கேட்ட சொல் இருக்கும் வரியை எடுத்துக் காட்டுவது. நான் கேட்டது "அண்ணன் விழுந்தான்".

ஐந்து வரி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், அது எந்தக் கோப்பில் இருந்தது என்று கிரெப் பெயர் போடும். ம.வி. 3. ம.வி. 4. ம.வி. 4. ம.வி. 4. ம.வி. 5.

நாற்பத்து மூன்று நாளில் எந்த நாளிலும் விழுந்திருக்கலாம். வெயில் என்றால் இருபத்தைந்து, முப்பதாம் நாட்களில், பாத்தி கண்ணைக் கூசவைக்கும் நாட்களில் விழுந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் கல் மாதிரி நின்று உப்பு வாரியிருக்கிறான். பாத்தி காயக் காத்திருக்கும் நாட்களில், வேலையே இல்லாத நாட்களில்தான் விழுந்திருக்கிறான். வீட்டில் சும்மா இருந்தவனுக்கு என்ன வெயில்?

ம.வி. 4-ஐத் திறந்து மேலிருந்து படித்தேன். 2004-இன் நாலாம் நாட்கள் முதலில் வந்தன. "அண்ணன் வீட்டுக்குள் உலாத்தினான்." "அண்ணன் சைக்கிளை முழுசாகக் கழற்றி மாட்டினான், ஒரு போல்ட் மிச்சம்." "அண்ணன் அம்மாவிடம் திட்டு வாங்கினான், சும்மா இருந்த கதவைச் சீவினான் என்று." படிக்கும்போதே சிரிப்பு வந்தது. பிறகு 2005 சித்திரை வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பாத்திக்குள் கடல் வந்த நாட்கள் முடிந்திருந்தன. "அண்ணன் விடியற்காலையே சைக்கிளில் போனான், எங்கே என்று சொல்லவில்லை." "தலை ஈரமாக வந்தான்." "சட்டையை அவனே துவைத்துக் காயப்போட்டான்." அடுத்த மழைக்குப் பிறகு, "அண்ணன் காலையிலேயே இல்லை. சட்டையை அவனே துவைத்தான். அண்ணன் விழுந்தான்." அடுத்ததற்குப் பிறகும் சட்டை.

என் அண்ணன் தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தவன் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தமாதிரி அத்தனை நாளும் கொடியில் அந்தச் சட்டை தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்து, எழுதியும் வைத்து, நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இந்தப் பூமியில் மழை விட்டு மூன்றாம் நாளிலிருந்து உப்புக்காரனுக்கு வேலை இல்லை, யாருக்கு வேலை என்று உட்கார்ந்து யோசித்தேன். மழையோடு பூச்சி வரும். மழை பெய்யும்போது மருந்தடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மழை விட்டு, இலை காய்ந்ததும் வயல்காரர்கள் மருந்து அடிப்பார்கள்.

பயிர் மருந்து என்றால் எங்கள் வீட்டில் வேறு கதை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது யாரோ கழுவிக் கொட்டிய மருந்துத் தண்ணீரைக் குடித்து அம்மாவின் இரண்டு ஆடுகள் செத்துப்போயின. வாயில் நுரை தள்ளிச் செத்தன. அன்றைக்கே அம்மா அண்ணனிடம் தலையில் அடித்து சத்தியம் வாங்கினாள், அவனோ அவன் பிள்ளைகளோ முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டப்பாவைத் தொடக்கூடாது என்று.

மறுநாள் வேலைக்கு நடுவில், பாத்தி வரப்பில் அவனைப் பிடித்தேன்.

"யாரு வயல்ல மருந்தடிக்கற?"

வாரிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எவ சொன்னா?"

"உன் சட்ட சொல்லிச்சு."

வாரிய உப்பை வரப்போரம் தள்ளினான். பிறகு கிளியனூர் இருக்கும் திசையைப் பார்த்தான். எனக்குப் புரிந்துபோனது. பெண்ணின் அப்பா வயல். முதல் முறை சும்மா பார்க்கப் போயிருக்கிறான். அவர் டப்பாவோடு கஷ்டப்படுவதைப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறான். என் அண்ணன் எள்ளென்றால் எண்ணெயாக நிற்பவன். அடுத்த மழைக்கு அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஏண்ணா?"

"மழ விட்டு ரெண்டு நாள் வூட்ல குந்தினா எனக்குப் பைத்தியம் புடிச்சிடுது. உனக்குத் தெரியாதா? அங்க போனா நாள் போறதே தெரியல. அது தண்ணி எடுத்துக்கினு வரும்." அது என்றால் அந்தப் பெண். சொல்லும்போது அவன் முகத்தில் மறுபடியும் அந்த வெட்கம் வந்தது. எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

"அந்த மருந்தாலதான் விழற."

"போடி. நான் இன்னா குடிச்சனா? வயித்துக்குள்ள போனாதான் அது ஏறும்."

"அப்ப வலிப்புன்னு மாத்திர போட்டுக்கறியா? பொண்ணு குடுக்க மாட்டாங்க, தெரியுமா?"

அவன் வாருபலகையை வரப்பில் ஊன்றிக்கொண்டு நின்றான். "அம்மாகிட்ட சொல்லாத. கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனார் வூட்டுக்குக் கூலிக்குப் போனான்னு தெரிஞ்சா தாங்காது அது. அதுவும் மருந்தடிக்க." நான் சரி என்றேன். சத்தியமெல்லாம் பண்ணவில்லை. ஆனால் சரி என்று சொன்னேன்.

எனக்குப் பிரிண்டர் கிடையாது. மூன்று, நாலு, ஐந்தாம் நாட்களைக் காகிதத்தில் கையால் எழுதி எடுத்துப் போனேன். தேதி இல்லை மேடம் என்று தலையைக் குனிந்து சொன்னேன். டாக்டரம்மா படித்தார். சட்டை வந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார், என்ன மருந்து, முகத்தில் துணி கட்டினாரா, டப்பா ஒழுகுமா, முதுகு நனையுமா. டப்பா ஒழுகும், முதுகு நனைந்துவிடும் என்றான். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்று அவர் சொன்னபோது அண்ணன் அவரை நம்பாமல் பார்த்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு மாத்திரை எழுதவில்லை. இனி அந்த டப்பாவைத் தொட்டால் ஒரு தடவை எழுந்திருக்காமலே போய்விடலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

அம்மாவிடம் வெறும் பலவீனம் என்று சொல்லிவைத்தோம். அதை அவள் நம்பினாளா இல்லையா, சாவிக்கொத்து இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பெண்ணின் அப்பா வந்தார். அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்தார், துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்குதுன்னு ஊரே சொல்லுது. எனக்கு மூணு பொண்ணு. மொதப் பொண்ண இப்படிக் குடுத்துட்டா மத்ததுங்களுக்கு யாரு வருவா? கொஞ்ச நாள் தள்ளிப் பார்க்கலாம்."

தள்ளிப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா, "இல்லண்ணே, பலவீனம்தான்னு டாக்டரு சொல்லிட்டாங்க" என்றாள். இடுப்பில் சாவி கிணுகிணுத்தது. அந்தச் சத்தத்தோடு என் பொறுமை முடிந்தது. அண்ணனிடம் சொன்ன சரி எங்கேயோ போய்விட்டது. உள்ளே போய் டாக்டருக்கு எழுதிய காகிதத்தை எடுத்துவந்து, நின்றுகொண்டே படித்தேன். மழை விட்டு நாலாம் நாள், காலையிலேயே இல்லை, சட்டையை அவனே துவைத்தான், விழுந்தான். அடுத்த மழை, நாலாம் நாள். அடுத்த மழை. படித்து முடித்து, "அத்தன நாளும் உங்க வயல்லதான் மருந்தடிச்சான் மாமா" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். "எங்க வூட்ல ரெண்டு ஆடு செத்துச்சுண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் துண்டை மடியில் வைத்துவிட்டார். மறுப்பார், கோபப்படுவார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் அம்மாவிடம்தான் பேசினார். "எனக்கும் அடிச்சா சாயங்காலம் கண்ணு இருட்டும் தங்கச்சி. வாந்தி வரும். ரெண்டு வருஷமா அப்படித்தான். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். தம்பி வந்து டப்பாவ வாங்கிக்கிச்சு, எனக்கு நிம்மதியா போச்சு. சின்னப் பையன், தாங்கும்னு நெனச்சிட்டேன்." நிறுத்திவிட்டு, "விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்திச்சு. ஆனா வலிப்புன்னாங்களா, அதுவாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார்.

நான் காகிதத்தை மடித்துக்கொண்டேன். அவர்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது, அதற்கு முன்னால் வரை. கிளம்பும்போது கல்யாணத்தைத் தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சாவிக்கொத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அண்ணன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான் என்று நானும் இருந்தேன். எனக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

தையில் கல்யாணம் நடந்தது. அண்ணி வந்தாள். நான் கோப்புகளுக்குத் தேதியும் சேர்த்துப் போடப் பழகினேன், முதலில் தேதி, பிறகு மழை விட்டு எத்தனாவது நாள். ஒரு நாளுக்கு ஒரு கோப்பு, எதுவும் எதன் மேலும் ஏறவில்லை. நாலாம் நாட்களை மட்டும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வரி தட்டினால் போதும். அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொண்டேன், வேலை மெனக்கெட்டு.

2006 வைகாசியில் ஒரு பெரிய மழை. பாத்தியெல்லாம் போயிற்று. இரண்டாம் நாள் அண்ணி அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். மூன்றாம் நாள் அண்ணன் வீட்டுக்குள் உலாத்த ஆரம்பித்தான். நாலாம் நாள் காலை சைக்கிளை வாசலில் கவிழ்த்துப்போட்டுக் கழற்றினான். அம்மா கொடியில் இருந்த அவன் சட்டையை எடுத்து ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி போட்டாள். ஐப்பசியில் தொற்றிய அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே போய், "அண்ணன் வீட்டில்" என்று தட்டினேன்.

பத்து மணி பஸ்ஸில் அண்ணி வந்துவிட்டாள். நேராக என் பின்னால் வந்து நின்றாள். முக்காடு மாதிரி தலையில் போட்டிருந்த முந்தானையைக்கூட எடுக்கவில்லை.

"அதுல இவரப் பத்தி மட்டுந்தான் எழுதுவியா?"

"யாரப் பத்தி வேணும்னாலும் எழுதலாம் அண்ணி."

"அப்ப எங்கப்பாவ எழுது." குரல் தாழ்ந்தது. "இவரு வர்றதில்ல இல்ல, அவரேதான் அடிக்கறாரு. நேத்து அடிச்சாரு. ராத்திரி சோறு எறங்கல. காலைல நான் பஸ் ஏறும்போது மறுபடியும் டப்பாவ மாட்டிக்கினு போறாரு. சொன்னா கேக்கமாட்டேன்றாரு."

ஏழு மாதமாக நாலாம் நாட்களைத் தேடித் தேடிப் பார்த்தவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் கண் இருட்டும் என்று சொன்னவரை ஒரு கோப்பில்கூடப் போடவில்லை. அண்ணன் வயலுக்குப் போவது நின்றால், அந்த வயலுக்கு யார் போவார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை.

"நேத்து சட்டைய யாரு தொவச்சாங்க அண்ணி?"

"அவரேதான். அம்மாவ தொடவே வுடல."

அதை மட்டும் தட்டினேன். தேதி போட்டேன், ம.வி. 3 என்று போட்டேன். மாமா மருந்தடித்தார், சட்டையை அவரே துவைத்தார். தட்டிவிட்டுத் திரும்பினால் கதவோரம் அண்ணன் நிற்கிறான், கையெல்லாம் சைக்கிள் எண்ணெய். கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். வாசலுக்குப் போனான். செயின் மாட்டும் சத்தம் கேட்டது, வேக வேகமாக. கிளியனூருக்குத்தான் போகப்போகிறான். போய் அந்த டப்பாவை அவர் தோளிலிருந்து பிடுங்கி எறிவானா, வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்துபோய் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.